எல்.டி.சி. பிறந்த கதை

ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் வட்டாரத்தில் டேங்க் ஃபேக்டரியிலோ குளோத்திங் ஃபேக்டரியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலருடைய வீட்டு முன்னறையில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கும். தாஜ்மகாலுக்கு எதிரே குடும்பமே வரிசையாக நிற்கும். அப்பா, பட்டுப்புடவையில் அம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி இரண்டு பிள்ளைகள், ஓரத்தில் பாட்டி. எப்போது எடுத்தது என்று கேட்டால் வருஷம் சட்டென்று நினைவுக்கு வராது. "எல்.டி.சி.யில் போனப்ப எடுத்தது" என்பார்கள்.

எல்.டி.சி. என்பது லீவ் டிராவல் கன்செஷன். மத்திய அரசு ஊழியர் விடுப்பு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சொந்த ஊருக்கோ சுற்றுலாவுக்கோ போனால், போக வர ஆகும் பயணக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். தங்குவது, சாப்பிடுவது, போன இடத்தில் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் சுற்றுவது எல்லாம் சொந்தச் செலவு. டிக்கெட் மட்டும் அரசாங்கத்துடையது. கேட்க எளிய விஷயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு தொழிலாளி தன் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய நகரத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரப் போகலாம், அதற்குச் சம்பளத்தோடு விடுப்பும் டிக்கெட்டும் கிடைக்கும் என்ற நிலைக்கு வந்துசேர உலகம் நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதை இங்கிலாந்தில் ஆரம்பித்து, பாரிஸ் வழியாக வந்து, ஆவடியைத் தொடுகிறது.

ஊர் பார்க்கவென்றே பயணம் போவது ஒரு காலத்தில் பிரபுக்களின் வேலை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஒரு ஆசிரியரையும் வேலையாட்களையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்புவார்கள். பாரிஸ், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் என்று போய்ப் பழைய கட்டடங்களையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். 'கிராண்ட் டூர்' என்று அதற்குப் பெயர். வயலிலும் தறியிலும் உழைத்தவனுக்கு அப்படி ஒரு பயணம் கனவில்கூட வராது.

நம் பக்கத்தில் சாதாரண மக்களின் பயணம் என்றால் யாத்திரைதான். திருப்பதிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கால்நடையாகப் போனார்கள். காசிக்குப் போகிறவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று நினைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பினார். பெரிய பரிவாரமும் கையில் பணமும் இருந்தவர் அவர். வழியெல்லாம் பார்த்ததை எழுதி வைத்ததால் 'காசியாத்ர சரித்ர' என்ற அருமையான தெலுங்கு நூல் நமக்குக் கிடைத்தது. ஒருவர் ஊர் பார்த்து வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றால், அது எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

இதை மாற்றியதில் இரண்டு தச்சர்களுக்குப் பங்கு உண்டு. இருவருமே மரச்சாமான் செய்து பிழைத்தவர்கள், இருவருக்கும் பெயர் தாமஸ். முதலாமவர் தாமஸ் எட்மண்ட்சன். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1830-களின் கடைசியில் அவர் வரிசை எண் அச்சடித்த சின்ன அட்டையைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நிமிஷத்தில் டிக்கெட் கொடுக்கலாம், கணக்கும் தப்பாது என்றாயிற்று. அதே அட்டை டிக்கெட்டைத்தான் நம்மூர் ஸ்டேஷன் கவுண்டர்களிலும் 'டக்' என்று தேதி குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாமவர் தாமஸ் குக். குடியை எதிர்த்துப் பிரசாரம் செய்த பக்தர். 1841 ஜூலை 5-ஆம் தேதி லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தனி ரயிலில் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். மொத்தமாக டிக்கெட் எடுத்தால் ரயில்வே விலையைக் குறைக்கும், விலை குறைந்தால் ஏழையும் வருவான் என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்தது. 1855-ல் பாரிஸ் கண்காட்சி நடந்தபோது அவர் முதன்முறையாக ஒரு கூட்டத்தைக் கடல் கடந்து அழைத்துப்போனார். பிரஸ்ஸல்ஸ், கொலோன், ஹைடல்பெர்க், ஸ்ட்ராஸ்பூர்க் வழியாகப் பாரிஸ் போய்த் திரும்பிய பயணம் அது. பிரபு வீட்டுப் பிள்ளை வருஷக்கணக்கில் பார்த்ததை, நடுத்தர வீட்டு ஆட்கள் சில நாட்களில் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இன்று 'நாலு நாள், மூன்று இரவு' என்று விளம்பரம் வரும் அத்தனை பேக்கேஜ் டூருக்கும் மூதாதை அதுதான்.

அதற்கு அடுத்த வருஷம் ரயில் நம் கொல்லைக்கே வந்துவிட்டது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று இன்று மின்சார ரயில் போகும் தடம் அது. ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே தண்டவாளம் போட்டாயிற்று. ஆனால் அதில் ஏறி வெறுமனே ஊர் பார்க்கப் போகும் நிலையில் அந்த வயல்களில் வேலை செய்தவர்கள் இல்லை.

டிக்கெட் மலிவானது ஒரு பாதிதான். நாள் கிடைக்க வேண்டுமே! வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்றால், இனாமாக ரயிலில் ஏற்றினாலும் தொழிலாளி வர மாட்டான். நாலு நாள் ஊர் பார்த்தால் நாலு நாள் அடுப்பு எரியாது.

அந்த முடிச்சை 1936 கோடையில் பிரான்ஸ் அவிழ்த்தது. லெயோன் ப்ளூம் தலைமையில் இடதுசாரிக் கூட்டணி தேர்தலில் ஜெயித்த கையோடு, லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 20-ஆம் தேதி சட்டம் வந்தது: எல்லாத் தொழிலாளிக்கும் வருஷத்துக்குப் பதினைந்து நாள், சம்பளத்தோடு விடுமுறை. அந்த அரசில் விளையாட்டு, ஓய்வுநேரத் துறைகளைக் கவனித்த லெயோ லக்ராஞ்சு ரயில்வே கம்பெனிகளோடு பேசித் தொழிலாளர் குடும்பங்களுக்கு 40 சதவீதம் கட்டணக் குறைப்பு வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோடையிலேயே லட்சக்கணக்கானோர் அந்த டிக்கெட்டில் கிளம்பினார்கள். தங்கள் நாட்டுக் கடலையே அதுவரை பார்த்திராதவர்கள் பலர். சம்பளத்தோடு விடுமுறை, கூடவே சலுகை டிக்கெட். எல்.டி.சி.யின் இரண்டு கால்களும் அங்கே சேர்ந்து நின்றன. அதே 1936 ஜூன் மாதம் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது.

இந்தியாவில் 1945-ல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பத்து நாள் சம்பள விடுமுறை கொடுத்தார்கள். சுதந்திரம் வந்ததும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் அதை வலுப்படுத்தியது. அதன் 79-ஆம் பிரிவுப்படி வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருஷம் இருபது நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. நாம் இ.எல். என்று சொல்கிறோமே, அதுதான்.

இனி ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே நடந்தது. யு.என். தேபர் தலைவர், காமராஜர் மாநிலத்தின் முதலமைச்சர். சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நம் இலக்கு என்று நேரு முன்னின்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறி, ஆவடி என்ற ஊரின் பெயர் இந்திய அரசியல் வரலாற்றில் ஏறியது. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. அரசே பெரிய முதலாளியாகிக்கொண்டிருந்த காலம். ஒரு மாநிலத்தில் பிறந்தவர் இன்னொரு மாநிலத்தில் அரசு வேலை பார்ப்பது பெருகிக்கொண்டே போனது. அவர்கள் அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்வர ஆகும் ரயில் செலவு சம்பளத்தை அரித்தது. 1956 அக்டோபர் 11-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஓர் அலுவலக ஆணை வெளியிட்டது. மத்திய அரசு ஊழியர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வரப் பயணச் சலுகை உண்டு என்றது அந்த ஆணை. எல்.டி.சி.யின் பிறந்த நாள் அதுதான்.

1960-களில் ஆவடியில் குளோத்திங் ஃபேக்டரியும் டேங்க் ஃபேக்டரியும் எழுந்தன. 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. தென்மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். ஃபேக்டரியில் சேர்ந்ததும் சர்வீஸ் புக்கில் 'ஹோம் டவுன்' எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் முழுக்க ஒரே ஒரு தடவைதான் அதை மாற்றலாம். கோயில் கொடை, பங்குனி உத்திரம், காதுகுத்து எல்லாவற்றையும் எல்.டி.சி. வருஷத்தோடு பொருத்தி வைத்துக்கொண்டார்கள். சொந்த ஊரே திருவள்ளூர், காஞ்சிபுரம் என்றிருந்தவர்களுக்கு மட்டும் இதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

பெரிய திருப்பம் மூன்றாவது சம்பளக் கமிஷனால் வந்தது. ரகுபீர் தயாள் தலைமையிலான அந்தக் கமிஷன் 1973-ல் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 1974-77 என்ற நாலு வருஷ 'பிளாக்' தொடங்கி, அந்த நாலு வருஷத்துக்குள் ஒரு முறை இந்தியாவில் எந்த இடத்துக்கும் போகலாம் என்றாயிற்று. சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊருக்கு, கல்யாணமும் சாவும் இல்லாமல், அந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே போகலாம்! ஆவடிக் குடும்பங்களின் வாழ்க்கையில் சுற்றுலா என்பது உண்மையில் அன்றைக்குத்தான் பிறந்தது.

அந்தப் பயணம் ஃபேக்டரி சங்கத்துக் கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் ஆரம்பிக்கும். போய்வந்தவர் புதிதாகப் போகிறவருக்கு வழி சொல்வார். டெல்லியில் எந்தத் தமிழ் மெஸ்ஸில் சாப்பிடலாம், எந்த மாதம் குளிர் அதிகம், ஆக்ராவில் யாரிடம் ஏமாறக் கூடாது என்பதெல்லாம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறும். அட்வான்ஸ் மனு போடுவார்கள். ஹோல்டால் இரவல் வாங்குவார்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்தால், டெல்லி போய்ச்சேர ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி. முதல் நாளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளைக்குப் புளியோதரை, அதற்கப்புறம் முறுக்கு, தட்டை. கூஜாவில் தண்ணீர்.

இதில் முக்கியமான ஆள் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சின்ன டைரி. அட்டை டிக்கெட்டை ஸ்டேஷன் வாசலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஊருக்குத் திரும்பி கிளெய்ம் போடும்போது ஒவ்வொரு டிக்கெட்டின் எண்ணையும் எழுத வேண்டும். அதனால் ரயில் கிளம்பியதும் முதல் வேலையாக அவர் டிக்கெட்டுகளை எடுத்து, தேதி, வண்டி, எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, என்ன வகுப்பு, எண் என்ன என்று நிதானமாக எழுதிக்கொள்வார். எழுதிய எண்ணைப் பிள்ளையிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். எட்மண்ட்சனின் வரிசை எண் ஒரு ஆவடிக் குடும்பத்தின் சுற்றுலாவுக்குச் சாட்சியாக நின்றது இப்படித்தான். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும், தவறினால் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

பாட்டி வந்தால் காசி வேண்டும் என்பார். ஊழியரை நம்பியே வாழும் பெற்றோர் என்பதால் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. அறிவித்த இடத்துக்கு நேர்வழிக் கட்டணத்தைத்தான் அரசு கொடுக்கும். சுற்று வழியாகப் போனால் மிச்சம் கைக்காசு. பல குடும்பங்கள் அந்தக் கைக்காசைப் போட்டுக் காசிக்கும் போய்வந்தன. தாஜ்மகாலும் கங்கையும் ஒரே பயணத்தில் சேர்ந்தன. யாத்திரை போன தலைமுறையும் சுற்றுலா போகும் தலைமுறையும் ஒரே பெட்டியில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் சரித்திரப் புத்தகத்தில் படித்த அக்பரின் ஆக்ரா கோட்டைக்குள் நடந்தார்கள். நாள் முழுக்கக் கவசத் தகட்டைப் பற்றவைத்த கை, நானூறு வருஷத்துச் சிவப்புக் கல் மதிலைத் தொட்டுப் பார்த்தது. இவ்வளவு பெரிய தேசம் தன்னுடையது என்று ஒரு வெல்டர் உணர்வதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு விதிகள் வளர்ந்தன. 1988-ல் எல்லாவற்றையும் தொகுத்து எல்.டி.சி. விதிகள் என்று வெளியிட்டார்கள். சிலர் போகாத ஊருக்குப் போலி ரசீது கொடுத்ததால் பிடி இறுகியது, தனியார் வண்டியில் போனால் பணம் கிடையாது என்றார்கள். 2008-ல் வடகிழக்குக்கும் 2010-ல் காஷ்மீருக்கும் விமானத்தில் போகத் தனிச் சலுகை வந்தது. தனியார் கம்பெனிகள் இதைப் பார்த்துச் சம்பளத்தில் எல்.டி.ஏ. (லீவ் டிராவல் அலவன்ஸ்) என்று ஒரு தொகையைச் சேர்த்தன. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவு நாலு வருஷத்தில் இரண்டு பயணங்களுக்கு அதில் வரிவிலக்குக் கொடுத்தது. எதுவானாலும் இந்திய எல்லைக்குள்தான். எல்.டி.சி.யில் டெல்லி பார்த்த பிள்ளைகள் ஐ.டி. கம்பெனிகளில் சேர்ந்து, இப்போது தங்கள் பிள்ளைகளுக்குப் பாரிஸையும் ரோமையும் காட்டிவிட்டு வருகிறார்கள். அது சொந்தப் பணத்தில் போகும் பயணம். ஆனால் விடுமுறை என்றால் ஒரு பழைய நகரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அந்த வீடுகளுக்குள் கொண்டுவந்தது எல்.டி.சி.தான்.

2020-ல் கொரோனாவால் யாரும் எங்கும் போக முடியாதபோது, பயணத்துக்குப் பதில் பொருள் வாங்கிக் காட்டினால் எல்.டி.சி. பணம் என்று ஒரு திட்டம் வந்தது. அந்த நேரத்துக்கு அது உதவிதான். ஆனால் நிரந்தரமாக எல்.டி.சி.யைப் பணமாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். பணமாகக் கொடுத்தால் அது வீட்டுக் கடனுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போய்விடும், குடும்பம் வாசலைத் தாண்டாது. பயணம் போனால்தான் உண்டு என்ற கட்டாயம்தான் அந்தப் பாட்டியைக் காசிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி பாதுகாப்புத் துறை ஃபேக்டரிகள் கம்பெனிகளாக மாற்றப்பட்டன. பழைய ஊழியர்களுக்குப் பழைய சலுகைகள் தொடர்கின்றன. இந்த வட்டாரத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் கான்ட்ராக்டில் வருகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிஃப்டுக்கு வேன்களில் வந்து இறங்கும் இளைஞர்களில் பலர் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். சொந்த ஊர் போய்வர ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 1956 ஆணை யாரை நினைத்து எழுதப்பட்டதோ, அதே நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு எல்.டி.சி. கிடையாது. கான்ட்ராக்டர் மாறினால் வேலை நாள் கணக்கும் புதிதாக ஆரம்பிக்கிறது, அதனால் சட்டம் கொடுத்த இ.எல். கூடப் பலருக்குக் கைக்கு எட்டுவதில்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் இ.எல்.லுக்கான 240 நாள் என்பதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. அது காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது சங்கங்களின் வேலை.

மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022-25 பிளாக்கில் போகாமல் விட்டவர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை அவகாசம் உண்டு, வீணாக்காதீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலாளிமார்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய்வர ரயில் டிக்கெட் என்று ஒரு வரி சேருங்கள். எழுபது வருஷத்துக்கு முன்பு ஓர் ஏழை நாட்டின் அரசால் கொடுக்க முடிந்தது. இன்றைய கம்பெனிகளால் கொடுக்க முடியாதா?